சட்டை போட்ட முள்ளெலியும் ஃபித்தா சித்தியும்

ஃபித்தா சித்தியின் மேல் எனக்கு வந்த முதல் சந்தேகம், அவள் ஏன் சும்மா வருகிறாள் என்பதுதான். எங்கள் கரக் ஊரில் ஒருவர் காரணமில்லாமல் சலாம் சொன்னாலே, "இவனுக்கு என்ன வேணுமாம்?" என்று வீடு போய்ச் சேரும்வரை யோசிப்பார்கள். இவளோ எங்களுக்குச் சொந்தம்கூட இல்லை, சித்தி என்று பிள்ளைகள் கூப்பிடுவதோடு சரி; வியாழக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளைக்கு, ஜிப் வைத்த நீலப் பையைத் தூக்கிக்கொண்டு, மேட்டுத் தெருவில் மூச்சு வாங்க ஏறி, ஆரம்பப் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் வாசித்துவிட்டுப் போகிறாள். சம்பளம் இல்லை. கொடுத்த டீயைக்கூடத் தொடுவதில்லை. இப்படி ஒரு மனுஷியை எப்படி நம்புவது?

தெருவில் இதற்கு மூன்று விளக்கங்கள் இருந்தன. அவள் அண்ணன் நகரசபைத் தேர்தலில் நிற்கப்போகிறான் என்றது பேக்கரி வரிசை. அந்தப் பைக்குள் சத்து மாத்திரை இருக்கிறது, இன்னும் இரண்டு மாதத்தில் விற்க ஆரம்பிப்பாள் என்றது மருந்துக்கடை வாசல். மூன்றாவது விளக்கம் என் அம்மாவின் தோழிகளுடையது. பெண் பார்க்கிறாளாம். பிள்ளைகளிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து, வீட்டில் அக்கா இருக்கிறாளா, எந்த நிறம், ரொட்டி வட்டமாக வருமா என்று விசாரித்து எங்கேயோ தகவல் சொல்கிறாளாம்.

முதல் இரண்டும் எப்படியோ போகட்டும். மூன்றாவதுதான் எனக்கு உறுத்தியது. எனக்குப் பதினாறு வயது. என் தம்பி ராக்கான் அதே இரண்டாம் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்கிறான். வாயைத் திறந்தால் வீட்டில் இருக்கும் பூனையின் வயதுவரை சொல்லிவிடுவான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெயர் மைஸூன். பள்ளிக்கும் எனக்கும் ஒன்பதாவதோடு ஒத்துவராமல் போனது. தொடர்ந்து மூன்று நாள் கடைசி மணியை யாரோ இருபது நிமிடம் முன்னாலேயே அடித்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான் என்று பள்ளி சந்தேகப்பட்டது. பள்ளியின் சந்தேகம் சரி. அதன் பிறகு என் வேலை தம்பியைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும். வியாழன் மட்டும் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுவேன். வகுப்பின் பின்ஜன்னலுக்கு வெளியே கால் உடைந்த பெஞ்சு ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்தால் எல்லாம் கேட்கும், ஏறி நின்றால் எல்லாம் தெரியும். வேவு பார்க்கத்தான் போனேன். கதை கேட்க இல்லை. இதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

அங்கே இரண்டாவது சந்தேகம் வந்தது. அவள் புத்தகத்தைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மேலிருந்து எப்போதாவது எட்டிப் பார்த்து வாசிக்கிறாள். எழுத்தைப் பார்க்காமல் எதை வாசிக்கிறாள்? ஒருநாள் அவள் கை கழுவப் போன நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு மேசையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். "முள்ளெலி பெருமகிழ்வுடன் பேருந்தில் ஏறிற்று" என்று செய்தி வாசிப்பவர் குரலில் அச்சடித்திருந்தது. அவள் வாசித்ததோ, "ஏறுடா ஏறு, யாரையும் குத்தாம ஏறு! ஏய், அந்தப் பாட்டிம்மா பக்கத்துல உக்காராதே!" எங்கள் பேக்கரி வரிசையின் பேச்சு அப்படியே. புத்தகத்தில் இருப்பது ஒன்று, அவள் வாயில் வருவது ஒன்று. இவளை எப்படி நம்புவது என்று மறுபடியும் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தேன்.

அந்த முள்ளெலிப் புத்தகம்தான் பிள்ளைகளுக்கு உயிர். ஏதோ குளிர்நாட்டிலிருந்து வந்து எங்கள் மொழிக்கு மாறியது. சிவப்புக் கோட்டு போட்ட முள்ளெலி பஸ் பிடித்துச் சொந்தக்காரன் கல்யாணத்துக்குப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒரு கிண்ணம் சூப்பை நீட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அதற்கு வெட்கம். "இன்னும் ஒரே ஒரு வாய்!" என்று முள்ளெலி சொல்லும் இடம் வரும்போது முப்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள். கடைசியில் வயிறு பெருத்து பஸ் கதவில் மாட்டிக்கொள்ளும். ஓட்டுநர் தள்ள, பயணிகள் தள்ள, ஒவ்வொருத்தர் கையிலும் முள்.

என் தம்பி சிரித்து நான் அங்கேதான் பார்த்தேன். வீட்டில் அவன் சிரிப்பதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

காரணம் சாப்பாடு. ராக்கானுக்கு இடது கை. பால் பாட்டிலையே அந்தக் கையில் பிடித்தவன். ஏழு வயது முடிந்ததும் அப்பா, "இனிமே விளையாட்டில்ல" என்று சொல்லிவிட்டார். அவன் இடது கை தட்டை நோக்கி வந்தால் மரக்கரண்டியால் ஒரு தட்டு. வலிக்காது, சத்தம் மட்டும்தான் என்பது அப்பாவின் கட்சி. அதிலிருந்து ராக்கானுக்கு இரவில் பசிப்பதே இல்லை. எல்லாரும் எழுந்த பிறகு குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிடுவான், இடது கையால். நான் பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி விளக்கை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பா கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகச் சிற்றுந்து ஓட்டுகிறார், எப்போதும் பின்கண்ணாடியில் யாரையாவது சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே. நான் பிறந்து ஒன்பது வருடம் அவரை ஊர் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது. ராக்கான் பிறந்த அன்றே அபூ ராக்கான், அதாவது ராக்கானின் அப்பா, ஆகிவிட்டார். அந்தப் பட்டத்துக்குரிய பையன் இடது கையால் தின்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

இதெல்லாம் தெரிந்தும் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவர் மீசை துடிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி.

"அப்பா, பள்ளிக்கூடத்துல ஒரு முள்ளெலிகூட இடது கையிலதான் சாப்பிடுதாம்."

மீசை துடிக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்தார்.

"எந்த முள்ளெலி?"

"ஃபித்தா சித்தி புத்தகத்துல. பக்கத்துக்குப் பக்கம்."

"அவ எப்ப வர ஆரம்பிச்சா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"பையனுக்கு இந்தப் பிடிவாதம் எப்ப வந்துச்சு? ரெண்டு மாசம்!"

"பாட்டிலையே அந்தக் கையிலதானேய்யா பிடிச்சான்" என்றாள் அம்மா.

"அது பாட்டில். இது திட்டம்."

ராக்கான் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை. வெறுமனே பார்த்தான்.

மறுநாளே அப்பா ஒரு தாளை எடுத்துப் பஸ்ஸில் மாட்டிவிட்டார். பிள்ளைகளுக்கு இடது கைப் பழக்கம் கற்றுக்கொடுக்கும் வாசிப்பை நிறுத்த வேண்டும் என்று. பத்தொன்பது கையெழுத்து விழுந்தது. அதில் நாலு பேர் சாலை போடச் சொல்லும் மனு என்று நினைத்துப் போட்டவர்கள். தலைமையாசிரியை இன்ஆம் மேடத்துக்கு ஜூன் மாதம் ஓய்வு. கையெழுத்துள்ள எந்தத் தாளைக் கண்டாலும் அவருக்குப் படபடப்பு. வியாழன் காலை பத்து மணிக்கு எல்லாரும் வாருங்கள், புத்தகமும் வரட்டும், சொன்னது உண்மையென்றால் அன்றோடு வாசிப்பு நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் ஃபித்தா சித்தி வீட்டுக்குப் போனேன். சீருடை தைப்பதுதான் அவள் பிழைப்பு. தம்பியின் கால்சட்டை ஒன்றைத் தையல் பிரித்து எடுத்துப் போனேன், காரணத்துக்கு. பையில் ரப்பர் பல்லி ஒன்றும் இருந்தது. மனிதர்கள் நிதானமாகச் செய்வதில் எல்லாம் பொய் இருக்கும், திடுக்கிட்டுச் செய்வதில்தான் ஆள் தெரிவான் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அவள் கத்தரிக்கோலை வலது கையில் பிடித்துத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவள் திரும்ப, கால்சட்டையை நீட்டும்போது மடிப்பிலிருந்து பல்லியை நழுவவிட்டேன்.

கத்தவில்லை. பல்லி தரையைத் தொடும் முன்னால் பறந்துபோய் ஜன்னல் கம்பியில் விழுந்தது. தட்டிவிட்டது இடது கை.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"சித்தி, நீங்களுமா?"

"கதவைச் சாத்து" என்றாள்.

சாத்தினேன்.

"எங்கப்பா கம்பளி நூல் வச்சிருந்தாரு. சாப்பிட உக்காந்தா இந்த மணிக்கட்டை இடுப்போட சேர்த்துக் கட்டிடுவாரு. ஒன்பது வயசு வரைக்கும். நல்ல மனுஷன்தான், நூலு இறுகாமத்தான் கட்டுவாரு." சிரித்தாள். "கத்தரிக்கோல் எல்லாமே வலது கைக்காரனுக்குச் செஞ்சது. அதனால வேலைக்கு இந்தக் கை. பல்லிக்கு அந்தக் கை."

பிறகு அவளே மீதியையும் சொன்னாள். ஸர்கா நகரத்தில் ஒரு தையல் ஆலையில் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறாள். அங்கே வேலைக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஓர் அறை. பார்த்துக்கொள்கிறவளுக்குத் தொண்டை கட்டிப்போன ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளையில் இவள் போய் ஒரு புத்தகம் வாசித்தாள். மறுநாள் பிள்ளைகள் விடவில்லை. ஆலை மூடும்வரை வாசித்தாள். ஊருக்குத் திரும்பியபின், தைக்கிற இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததாம். தேர்தலும் இல்லை, மாத்திரையும் இல்லை. பெண் பார்க்கிறீர்களா என்று நான் நேராகவே கேட்டேன்.

"உன்னையா? எந்த வீட்டுக்கு நான் துரோகம் பண்ணுவேன்?" என்றாள்.

"சரி, நாளைக்கு என்ன பண்றது? வேற புத்தகம் கொண்டுவந்திடுங்க. கூட்டம் முடிஞ்சு போகும்."

தலையாட்டினாள், இல்லை என்று. "போன மாசம் அம்மான் நகரத்து நடைபாதைக் கடையில அம்பது புத்தகம் புரட்டினேன். இது ஒண்ணுலதான் ஒருத்தன் இடது கையால சாப்பிட்டான், யாரும் ஒரு வார்த்தை சொல்லல. முன்வரிசையில உன் தம்பி பென்சிலை இடது கையில எடுத்து, சுத்திப் பாத்துட்டு, வலது கைக்கு மாத்துறான். ஒவ்வொரு தடவையும். இப்ப நான் புத்தகத்தை ஒளிச்சா அவன் என்ன நினைப்பான்?"

ஆக, அப்பாவின் சந்தேகம் சரி. திட்டம்தான் அது. அதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். கால்சட்டையை அங்கேயே மறந்திருந்தேன்.

வியாழன் பத்து மணி. இன்ஆம் மேடத்தின் அறையில் அப்பா, அவர் பக்கம் இரண்டு தகப்பன்மார், எதிரே ஃபித்தா சித்தி. நான் கதவோரம். அறை மூலையில் கைகழுவும் தொட்டி, அதற்கு மேல் ஒரு கண்ணாடி. சேஜ் இலை போட்ட டீ வந்தது. ஃபித்தா சித்தியைத் தவிர எல்லாரும் வலது கையில் குடித்தார்கள், சத்தமாக.

"இந்தாங்க, பாருங்க" என்று அப்பா புத்தகத்தை விரித்தார். "கரண்டி எந்தக் கையில இருக்கு?"

மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "இடது மாதிரிதான் இருக்கு. ஆனா அபூ ராக்கான், இது முள்ளெலி."

"சட்டை போட்டிருக்கே மேடம்? கோட்டு, பொத்தான், எல்லாம் போட்டிருக்கு. காட்டுல வெறும் உடம்போட திரிஞ்சா எந்தக் கையிலயும் திங்கட்டும். சட்டை போட்டுட்டா மனுஷ வரிசைக்கு வந்துடுச்சு. வலது கையிலதான் திங்கணும்."

"அதான்" என்றார் ஒரு தகப்பன். "முள்ளெலிக்குச் சட்டை யாரு போடச் சொன்னா?"

"தங்கச்சி, நீ சொல்லு" என்று அப்பா ஃபித்தா சித்தியிடம் திரும்பினார். "இது தற்செயலா, இல்ல வேணும்னே எடுத்ததா?"

அவள் கைகளை மடியில் வைத்திருந்தாள், வலது மேலே, இடது கீழே. இடது கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். மேடம் பேனாவை எடுத்தார். தாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அப்பாவுக்கு ஜெயிக்கிற நேரத்தில் நிறுத்தத் தெரியாது. "ஒரு பக்கம் இல்ல மேடம், எல்லாப் பக்கமும்" என்று புரட்டிக்கொண்டே போனவர், பஸ் வரும் பக்கத்தில் நின்றார். புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனார்.

"இது என்ன கூத்து? ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கு! கதவு இடது பக்கம் இருக்கு! ஏம்மா, பிள்ளைங்க நடுரோட்டுல இறங்கவா? பின்னாடி லாரி வந்தா? பாத்தீங்களா, கையை மட்டும் கெடுக்க வரல இவங்க, ஆளையே தீர்க்க வந்திருக்காங்க!"

மற்ற இரண்டு தகப்பன்மாரும் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலது ஓரமாகப் போகும்; ஸ்டியரிங் இடது பக்கம், கதவு வலது பக்கம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையும் மாறியிருக்கிறது, ஸ்டியரிங்கும் மாறியிருக்கிறது, கதவும் மாறியிருக்கிறது. எல்லாமே மாறியிருந்தால்?

"அப்பா, ஆம்புலன்ஸ் மூக்குல பேரை எப்படி எழுதியிருப்பாங்க?"

"தலைகீழா... திருப்பி. கண்ணாடியில பாத்தாத்தான்..." என்றவர் அப்படியே நின்றார். பிறகு எழுந்து, புத்தகத்தைக் கொண்டுபோய்த் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடி முன் பிடித்தார்.

கண்ணாடிக்குள் ஓட்டுநர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். கதவு வலது பக்கம், நடைபாதைக்கு நேராகத் திறந்தது. பக்கத்தைப் புரட்டினார். முள்ளெலி, கோட்டு கசங்காமல், வலது கையால் சூப் குடித்துக்கொண்டிருந்தது.

"அவங்க புத்தகம் அந்தப் பக்கமிருந்து திறக்கும்" என்றார் மேடம் மெதுவாக. "நம்ம அரபி வலமிருந்து இடமாப் போகும், நம்முடையது இந்தப் பக்கமிருந்து. பஸ் போற திசை சரியா வரணும்னு படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்க."

"அப்ப இது வலது கைக்காரன்!" அப்பா முள்ளெலியின் முதுகில் தட்டாத குறை. "நான் கண்டுபிடிச்சேன் பாத்தீங்களா? ஸ்டியரிங்கைப் பாத்த உடனே எனக்குச் சந்தேகம்!" பத்தொன்பது கையெழுத்தையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: இன்று வாசிக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும், முள்ளெலிக்கு உண்மையில் வலது கைதான் என்று. அவர் ஜன்னலோரம் நின்று கேட்பார்.

மேடம் பேனாவை மூடினார். நான் காப்பாற்றிவிட்ட பெருமையோடு ஃபித்தா சித்தியைப் பார்த்தேன். அவள் முகம் தோற்றவள் முகம்.

வராந்தாவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உன்னை யாருடி கண்ணாடியைக் காட்டச் சொன்னா?"

"சித்தி! வாசிப்பு நின்னுபோயிருக்கும்!"

"போயிருக்கும். அது என்னோட போயிருக்கும்." புத்தகத்தை விரித்து முள்ளெலியின் கோட்டைக் காட்டினாள். "இருபத்தஞ்சு வருஷமா துணி தைக்கிறேன். ஆம்பளைக் கோட்டுக்குப் பொத்தான் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? நடைபாதையிலயே தெரியும் இது திருப்பின படம்னு. வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். இப்பப் போய் அந்தப் பையன் முன்னாடி நான் என்னன்னு சொல்லுவேன்? உன்னை மாதிரி ஒருத்தனும் கிடையாதுன்னா?"

 புத்தகத்தை வாங்கி மூடி, அவள் நீலப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

கடைசிப் பாடவேளை. உடைந்த பெஞ்சில் நான் ஏறி நின்றேன், பக்கத்தில் அப்பா. அவருக்கு ஏற வேண்டிய தேவையில்லை. உள்ளே முப்பது பிள்ளைகள். ஃபித்தா சித்தி வாசித்தாள், ஆனால் குரலில் உப்பில்லை. முதல் கிண்ணம் வந்தது. இரண்டாவது வந்தது. "இன்னும் ஒரே ஒரு வாய்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ராக்கான் கத்தவில்லை. காலையில் நடந்தது பள்ளி முழுக்கப் பரவியிருந்தது. இன்ஆம் மேடத்தின் அறைச் சுவர் மெல்லிசு.

அவன் கையைத் தூக்கினான், வலது கையை. "சித்தி, அது நெசமாவே எந்தக் கையில சாப்பிடுது?"

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

அவள் புத்தகத்தை மடியில் இறக்கினாள். ஜன்னலை ஒருமுறை பார்த்தாள்.

"இதை வரைஞ்சவங்க ஊர்ல இவன் வலது கையில சாப்பிட்டான். பஸ் ஏறி நம்ம ஊருக்கு வந்தான். நம்ம புத்தகம் இந்தப் பக்கமிருந்து திறக்குதுல்ல, அதனால இங்க வந்ததும் இடது கை ஆயிடுச்சு." விரல் நுனியால் முள்ளெலியின் வயிற்றைத் தொட்டாள், இடது கை விரல். "அந்த ஊர்லயும் வயிறு நிறைஞ்சுது. நம்ம ஊர்லயும் நிறைஞ்சுது. கல்யாணத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். என்ன, கதவுலதான் மாட்டிக்கிட்டான். தள்ளலாமா?"

"தள்ளலாம்!" என்று முப்பது பேரும் எழுந்துவிட்டார்கள். காற்றைத் தள்ளினார்கள். ராக்கான் இரண்டு கையாலும் தள்ளினான்.

"நான் சொல்லச் சொன்னதைச் சொன்னாளா, சொல்லலையா?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"சொன்னாங்களேப்பா. வலது கைன்னு சொன்னாங்க."

"சொன்னா. ஆனா வேற எதையோ சேர்த்துச் சொன்ன மாதிரி இருக்கு." பஸ் நிறுத்தம்வரை பின்கண்ணாடி இல்லாமலே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அன்று இரவு பருப்பு சூப். எல்லாரும் உட்கார்ந்தோம். ராக்கான் எழுந்து போகவில்லை, அதுவே ஆச்சரியம். கரண்டியை வலது கையில் எடுத்தான், பார்த்தான், இடது கைக்கு மாற்றினான். "நான் நம்ம ஊருக்காரன்ப்பா" என்றான், யாரும் கேட்காமலே.

அப்பாவின் கை மரக்கரண்டியிடம் போனது.  அம்மா ரொட்டி மடிப்பதை நிறுத்தினாள். அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், இந்த வசனத்தை எழுதிக்கொடுத்தது நான்தான் என்பதுபோல. சத்தியமாக நான் இல்லை.

"முழங்கை இடிக்குதுடா" என்றார். மரக்கரண்டியை எடுத்துச் சூப்புப் பானைக்குள் போட்டார். "அந்த ஓரத்துக்குப் போய் உக்காரு. அங்க இடம் இருக்கு. சூடு ஆறுது, சாப்பிடு."

ராக்கான் ஓரத்துக்கு மாறினான். அங்கே உட்கார்ந்தால் இடது முழங்கை யார் மேலும் இடிக்காது. அப்பா அதைக் கணக்குப் போட்டுத்தான் சொன்னாரா, கோபத்தில் சொன்னது அப்படி அமைந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கேட்டால் மாற்றிவிடுவார் என்று கேட்கவில்லை.

அடுத்த வியாழன் ஃபித்தா சித்தி தையல் போட்ட கால்சட்டையைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து உதறினேன். மடிப்பிலிருந்து என் ரப்பர் பல்லி என் காலில் விழுந்தது. நான் கத்தியது மேட்டுத் தெரு முழுக்கக் கேட்டதாம்.